உஷார்! ஃபோர் வீலை டூ வீல் ஆக்கச் சொல்கிறார்களா?

"அண்ணே, கே.எல்.லயே ஓடுற வண்டிக்கு ஃபோர் வீல் எதுக்கு? முன் ஷாஃப்ட்டக் கழட்டிட்டா வண்டியும் லேசாயிடும், எண்ணெயும் மிச்சம் லா!"

கிள்ளானிலோ, மேருவிலோ, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சந்திலோ உங்கள் பிக்கப்பை வொர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறீர்கள். ஃபோர்மன் இப்படி ஆரம்பிக்கிறார் என்றால், தலையாட்டிவிடாதீர்கள். கழற்றும் வேலை ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் தொல்லை வண்டி இருக்கும்வரை கூடவே வரும். சக்கரம், கியர்பெட்டி, பிரேக் கம்ப்யூட்டர், இன்சூரன்ஸ், விற்கும் விலை என்று ஒவ்வொன்றிலும் அது கைவைக்கும்.

இந்த எச்சரிக்கை வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமில்லை. பழைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், நவாரா என்று தேடிக்கொண்டிருப்பவர்களே, நீங்கள்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும். ஃபோர் வீல் என்று விலை கொடுத்து, முன்சக்கரத்துக்கு எதுவுமே போகாத வண்டியை வீட்டுக்கு ஓட்டிவரும் ஆபத்து உங்களுக்குத்தான்.

ஏன் இந்தப் பேச்சு எடுபடுகிறது?

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35 வெள்ளிக்கு ஏறியது. தகுதி உள்ள தனிநபர் டீசல் வண்டிக்காரர்களுக்கு புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் எண்ணெய் நிலையத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. பூக்கடைக்காரர், கேட்டரிங் செய்பவர், குத்தகை வேலை எடுப்பவர், பந்தல் போடுபவர் என்று நம் ஆட்களில் பிக்கப்பை நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். "எண்ணெய் மிச்சம்" என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், மனசு இளகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஃபோர் வீலில் முன்பக்கம்தான் முதலில் முனகும். டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழியும். சக்தியை முன்பக்கத்துக்குப் பிரித்துவிடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியின் சீலில் எண்ணெய் கசியும். முன் டிஃப்ரன்ஷியல் ஊளையிடும். பழுது பார்க்கக் காசும் நாளும் ஆகும். கழற்றிப் போட்டால் சத்தமும் நின்றுவிடும், வாடிக்கையாளரும் சிரித்துக்கொண்டு போவார். நோய்க்கு மருந்து கொடுக்காமல் உறுப்பையே வெட்டிப் போடுகிற வேலை இது.

கழற்றிய சாமான்கள் எங்கே போகின்றன என்றும் கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் டிஃப்ரன்ஷியலுக்கும் பழைய சாமான் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு. "இது இனிமே குப்பை பாஸ், நாங்களே போட்டுடுறோம்" என்று சொல்லும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

உங்கள் வண்டி ஏற்கெனவே டூ வீல்தான்!

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். இங்கே ஓடும் பிக்கப்களில் மிகப் பெரும்பாலானவை பகுதிநேர ஃபோர் வீல். அதாவது, கியர்கம்பியையோ திருகு பொத்தானையோ டூ எச் என்ற இடத்தில் வைத்தால் எஞ்சின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் கெசாஸிலும் நீங்கள் தினமும் ஓட்டுவது டூ வீல் வண்டியைத்தான். ஃபோர் எச் போட்டால்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன்பக்க ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஃபோர் எல் போட்டால் அதே சக்தியை மெதுவாக, அதிக இழுவையோடு நான்கு சக்கரத்துக்கும் தருகிறது.

டூ எச் ஓட்டத்தில் முன்பக்கம் வீணாகச் சுழல்வதைக் குறைக்கவும் தயாரிப்பாளர்களே வழி செய்திருக்கிறார்கள். பழைய மாடல்களில் முன்சக்கர நடுவில் கையால் திருகும் ஹப் இருக்கும். அதை விடுவித்துவிட்டால் டிரைவ் ஷாஃப்ட், டிஃப்ரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே அசையாமல் நின்றுவிடும். பல புதிய மாடல்களில் முன் டிஃப்ரன்ஷியலுக்குள்ளேயே ஒரு பக்கத்தைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பு இருக்கிறது. அப்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலாது. சுழலாத ஷாஃப்டைக் கழற்றி எந்த எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்?

வெயில் அடிக்கிறதே என்று மடக்கி வைத்த குடையைத் தூக்கி எறிவது போன்றது இது. குடை கையில் இருப்பதால் யாருக்கும் வேர்க்காது.

கணக்கே போட்டுப் பார்ப்போம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 150 லிட்டர். கழற்றியதால் 3 சதவீதம் மிச்சம் என்று தாராளமாகவே கொடுத்தாலும் நாலரை லிட்டர்தான். லிட்டர் 3.35 வெள்ளி என்றாலும் மாதம் சுமார் 15 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாடு! டயரில் காற்றைச் சரியாக வைத்து, தட்டில் வீணாகக் கிடக்கும் சிமெண்டு மூட்டையையும் இரும்பையும் இறக்கி வைத்தாலே இதற்கு மேலும் மிச்சமாகலாம். அதற்கு ஸ்பேனரே தேவையில்லை.

கழற்றினால் என்னென்ன ஆகும்?

"டூ வீல் ஆக்குவது" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் வேலை மூன்று அளவில் நடக்கிறது. முன் புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் எடுப்பது முதல் அளவு. அதோடு இரண்டு டிரைவ் ஷாஃப்டையும், சில இடங்களில் முன் டிஃப்ரன்ஷியலையும் சேர்த்து எடுப்பது இரண்டாவது. டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துவிட்டு பின் ஷாஃப்டை மாற்றிப் போடுவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கண்ணி இருக்கிறது.

*சக்கரமே கழன்று போகும் ஆபத்து.* இதுதான் உயிர் போகும் விஷயம். பல வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனை, ஹப்பின் நடுவே புகுந்து பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைச் சுற்றுவது மட்டும் அதன் வேலை இல்லை. அந்த அமைப்புள்ள வண்டியில் வீல் பேரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். ஷாஃப்டை உருவிவிட்டு ஓட்டைக்கு மூடி போட்டு அனுப்பினால், பேரிங்கைப் பிடிக்க ஆளில்லை. முதல் நாள் தெரியாது. பிறகு ஹும்ம் என்று ஒரு சத்தம் வரும். பிறகு சக்கரம் ஆடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பேரிங் பிரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிமுனையை மட்டும் அறுத்து ஹப்பில் திரும்ப மாட்டி இறுக்கும் வழி ஒன்று உண்டு. அதையும் அளவு தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

*கியர் எண்ணெய் வடிந்து போகும்.* சில வண்டிகளில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸில் போல்ட்டால் மாட்டியிருக்கும். வேறு சிலவற்றில் அது உள்ளேயே செருகியிருக்கும். செருகிய வகையை உருவினால் அந்த வாய் திறந்துகிடக்கும், எண்ணெய் வழியும். துணியைச் சுருட்டி அடைப்பதும் பிளாஸ்டிக் மூடியைக் கட்டிவிடுவதும் வைத்தியம் ஆகாது. எண்ணெய் வற்றிய டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறி நெடுஞ்சாலை நடுவிலேயே இறுகிக்கொள்ளும். டூ எச்-இல் ஓடும்போதும் பின்சக்கரத்துக்குப் போகும் சக்தி அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

*அதிர்வு.* டிரான்ஸ்ஃபர் கேஸையே எடுத்துவிட்டால் கியர்பெட்டிக்கும் பின் டிஃப்ரன்ஷியலுக்கும் நடுவில் இடைவெளி விழும். கியர்பெட்டியின் வால் பகுதி, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் ஷாஃப்டின் நீளம், அதன் கோணம், எல்லாமே மாற வேண்டும். வெட்டி ஒட்டிய ஷாஃப்டைச் சமநிலை பார்க்காமல் மாட்டினால் வண்டி உடம்பே நடுங்கும். மூட்டுகள் தேயும். ஷாஃப்ட் அறுந்து தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிப் போடும்.

*கம்ப்யூட்டர் குழம்பும்.* புதிய பிக்கப்களில் ஏபிஎஸ் பிரேக்கும், வழுக்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சக்கர வேக உணரிகளை நம்பியே வேலை செய்கின்றன. சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கான உணரி டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே இருக்கிறது. வயரை அறுத்து, உணரியைக் கழற்றி வைத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஆட்டோ கியர் தடுமாறும், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தன்னையே அணைத்துக்கொள்ளும். தட்டு காலியாக இருக்கும் பிக்கப்புக்குப் பின்பக்கம் லேசு. மாலை நான்கு மணிக்குக் கொட்டும் கிள்ளான் பள்ளத்தாக்கு மழையில், வளைவில், அந்தக் கட்டுப்பாடு அணைந்து கிடப்பது பெரிய ஆபத்து. இதைவிட மோசம், எரியும் விளக்கின் பல்பையே பிடுங்கிவிட்டு அனுப்புவது.

*ஃபோர் எல் போட்டால் உடையும்.* முன் ஷாஃப்ட் இல்லாத வண்டியில் தெரியாமல் யாராவது ஃபோர் எல் போட்டு ஏற்றத்தில் இழுத்தால், நான்கு சக்கரம் பங்கு போட வேண்டிய இழுவை முழுதும் பின் அச்சின் தலையில் விழும். பின் ஆக்ஸிலோ டிஃப்ரன்ஷியல் பல்லோ நொறுங்கும். வண்டியைக் கடன் வாங்கிப் போகும் மச்சானுக்கும் வேலைக்கு வைத்திருக்கும் ஓட்டுநருக்கும் இது எப்படித் தெரியும்?

*முழுநேர ஃபோர் வீல் என்றால் தொடவே தொடாதீர்கள்.* எல்லா வண்டியும் பகுதிநேரம் இல்லை. லேண்ட் ரோவர் டிஃபென்டர், பிராடோ போன்றவற்றில் நடு டிஃப்ரன்ஷியல் இருக்கிறது. அது எப்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதில் முன் ஷாஃப்டை எடுத்தால், சக்தி தடையில்லாத பக்கமாகவே ஓடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. நடு டிஃப்ரன்ஷியலைப் பூட்டி ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு வீடு வந்து சேரத்தான் அது உதவும். அதையே வழக்கமாக்கினால் பெட்டி பழுதாகலாம்.

"நான் காட்டுக்கே போறதில்லையே!"

இப்படிச் சொல்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். ஈரத் தார்ச்சாலையில் டூ எச் போதும், அது சரிதான். பகுதிநேர ஃபோர் வீலைப் பிடிப்புள்ள தார்ச்சாலையில் போடவும் கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வேறுவேறு தூரம் ஓடும், பெட்டி முறுக்கிக்கொள்ளும். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவரின் வாழ்க்கை தார்ச்சாலையோடு முடிந்துவிடுகிறதா?

2021 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர். படகோடு வந்தவர்களுக்கு அடுத்து மக்களுக்குக் கை கொடுத்தவை சொந்த ஃபோர் வீல் வண்டிகள்தான். தண்ணீர் வடிந்த பிறகு கணுக்கால் அளவு சேற்றிலும், ஊறிப்போன கட்டில் மெத்தை மலைகளுக்கு நடுவிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் ஏற்றிப் போன வண்டிகள் அவை. அந்த மாதிரி நாளில் பின்சக்கரம் சேற்றில் சுழன்று புதைந்தால், உதவப் போன வண்டியே இன்னொரு தொல்லையாகிவிடும்.

கேரித் தீவு, பந்திங், ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்வருபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடலோரக் களிமண் ஒரு மழை நனைந்தால் சோப்பாகிவிடும். பெந்தோங், ராவுப் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. தட்டு நிறையப் பழத்தோடு, நனைந்த செம்மண் பாதையில் கீழே இறங்கும்போது ஃபோர் எல் நான்கு சக்கரத்தையும் எஞ்சினோடு சேர்த்துப் பிடித்து மெதுவாக இறக்கும். பிரேக்கை அதிகம் தொட வேண்டியிருக்காது. அதை எடுத்துவிட்டால் பிடி பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பின்சக்கரம் பூட்டி வழுக்கினால் வண்டி குறுக்கே திரும்பும். அந்தப் பாதையில் குறுக்கே திரும்பினால் அடுத்த நிறுத்தம் பள்ளத்தில்தான்.

காகிதத்தில் வரும் கண்ணி

வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

முதலில் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகா. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனங்களின் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய 1959-ஆம் ஆண்டு விதிகளும் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸை எடுத்து, சட்டத்தை வெட்டி, ஷாஃப்டை மாற்றுவது ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரியான வேலை இல்லை. கை வைப்பதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாரும் செய்றாங்க, யாரு பாக்கப் போறா" என்று ஃபோர்மன் சொல்வார். புஸ்பாகோம் போன்ற சோதனை மையத்தில் வண்டி தூக்கப்படும்போது அவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அடுத்து வங்கி. தவணை இன்னும் முடியவில்லையா? 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி கடைசித் தவணை கட்டும்வரை வண்டிக்கு உரிமையாளர் வங்கிதான். வங்கியின் சொத்தில் பாதியைக் கழற்றி விற்றுவிட்டு, பிறகு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

மூன்றாவது இன்சூரன்ஸ். உங்கள் வண்டிக்குக் காப்பீட்டுத் தொகை போடுவது மாடலையும் வகையையும் பார்த்துத்தான். ஃபோர் வீல் என்று பதிவான வண்டி உண்மையில் ஃபோர் வீலாக இல்லை, நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் வேலை செய்யவில்லை என்று விபத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால், இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். வண்டியில் செய்த மாற்றங்களை மறைக்காமல் சொல்வது காப்பீடு எடுப்பவரின் கடமை. முன்சக்கரம் கழன்று இன்னொருவருக்கு அடிபட்டால் விஷயம் பணத்தோடு முடியாது.

தமிழ்நாட்டில் உறவினர்கள் ஜீப் வைத்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், அந்நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டித் தீர்ப்புச் சொன்னது. எல்லை தாண்டினாலும் பிரச்சினை ஒன்றுதான்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? கீழே குனிந்து பாருங்கள்!

தட்டில் புது பெயிண்டு, கதவில் "ஃபோர் வீல் டிரைவ்" என்று பளபளக்கும் ஸ்டிக்கர், உள்ளே வாசனை. இவற்றைப் பார்த்து மயங்காதீர்கள். விற்பவர் முன்னிலையிலேயே இவற்றைச் செய்யுங்கள்:

1. வண்டிக்கு அடியில் டார்ச் அடியுங்கள். கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் டிஃப்ரன்ஷியல்வரை ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

2. இரண்டு முன்சக்கரத்துக்கும் டிரைவ் ஷாஃப்ட் போகிறதா, ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி போட்ட ஹப், புதிதாக வெல்டிங் செய்த அடையாளம், அறுத்த வயர், எதையும் விடாதீர்கள்.

3. சாவியைத் திருப்பியவுடன் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். ஏபிஎஸ் விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

4. புல்லிலோ சரளையிலோ வண்டியைக் கொண்டு போய், கையேட்டில் சொன்னபடி ஃபோர் எச் போட்டு, மெதுவாக முழு வளைவு திருப்புங்கள். பகுதிநேர ஃபோர் வீல் என்றால் வண்டி இழுத்துப் பிடிப்பது போல் தோன்றும். சுலபமாகத் திரும்பினால் முன்பக்கம் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாகலாம். தார்ச்சாலையில் இதைச் செய்யாதீர்கள்.

5. வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஃபோர் எல் போட்டுப் பாருங்கள். விளக்கு வெறுமனே மின்னிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை.

6. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது.

7. சொந்த ஃபோர்மனை அழைத்துப் போய், கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்லும் ஃபோர்மன் வேண்டாம்.

8. ரசீதிலும் ஒப்பந்தத்திலும் "நான்கு சக்கர இயக்கம், ஃபோர் எச், ஃபோர் எல் வேலை செய்கிறது" என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் வண்டி வியாபாரி ஏமாற்றியிருக்கிறார் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளிவரை இழப்பீடு கேட்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், கையில் எழுத்து ஆதாரம் இருக்க வேண்டும். எட்டாவது விஷயத்தை அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

ஏற்கெனவே கழற்றியாகிவிட்டதா?

பதற வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் இல்லாமல் வண்டி ஓடுகிறது என்றால், ஹப்பும் பேரிங்கும் எதனால் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று வேறொரு வொர்க்‌ஷாப்பில் காட்டித் தெரிந்துகொள்ளும்வரை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் அளவைப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரையில் கறை விழுகிறதா என்று காலையில் கவனியுங்கள். ஃபோர் எச், ஃபோர் எல் பொத்தானை யாரும் தொடாதபடி ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள். கழற்றிய சாமான்களை இன்றே போய் வாங்கி வாருங்கள். கிடைத்தால் திரும்ப மாட்டிவிடலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

முன் ஷாஃப்டைக் கழற்றுவதே பாவம் என்று யாரும் சொல்லவில்லை. அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அதைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது நல்ல ஃபோர்மன் செய்யும் வேலைதான். காட்டில் மூட்டு உடைந்தால் ஷாஃப்டை எடுத்துக் கட்டி, மெதுவாக வீடு வந்து சேர்வதும் உண்டு. அதெல்லாம் தற்காலிகம். மறுநாள் பழுது பார்த்துத் திரும்ப மாட்ட வேண்டும்.

உண்மையிலேயே ஃபோர் வீல் உங்களுக்கு வேண்டாமா? அப்படியானால் நல்ல நிலையில் இருக்கும்போதே ஃபோர் வீலாகவே விற்று, தொழிற்சாலையிலேயே டூ வீலாகப் பிறந்த வண்டியை வாங்குங்கள். அதன் சஸ்பென்ஷன், கியர் விகிதம், ஷாஃப்ட் நீளம், கம்ப்யூட்டர் எல்லாமே அதற்கென்று செய்தவை. கழற்றிய வண்டி ஃபோர் வீலும் இல்லை, டூ வீலும் இல்லை. விற்கும்போது இரண்டு விலையும் கிடைக்காது.

முன்பக்கம் சத்தம் வந்தால் எது தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். ரப்பரா, சீலா, மூட்டா? இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். பல நேரம் கெட்டுப்போனது ஒரு சின்ன சாமானாகத்தான் இருக்கும். அப்புறம் வொர்க்‌ஷாப்பில் இப்படிச் சொல்லுங்கள்: "எதையும் கழட்ட வேண்டாம். கெட்டுப்போனத மட்டும் செய்யுங்க. மாத்துன பழைய சாமான என் கையில கொடுங்க." இதைச் சொன்ன பிறகும் கழற்றியே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்களா? வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள்.